திருகோணமலை என்றொரு கப்பல்



நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் கடல் வரலாறு பற்றிக் கேட்டுப் பாருங்கள். இராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டில் கப்பற்படையோடு வந்து கடாரத்தை வென்றான் என்று உடனே சொல்வார்கள். அடுத்து என்ன என்று கேட்டால், 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்து இறங்கினார் என்பார்கள். இடைப்பட்ட எழுநூற்று அறுபத்தோரு ஆண்டுகளும் கடலில் அலையைத் தவிர வேறெதுவும் அசையவில்லை என்பது போல் அப்படித் தாவிவிடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் அவர்களுக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான். சென்ற பள்ளி விடுமுறையில் இங்கிலாந்தில் நான் கண்ட ஒரு கப்பல், அந்த இடைவெளியின் கடைசிப் பகுதியையாவது நிரப்புவதற்கு ஒரு வழி காட்டியது. அதை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு சிறிய துறைமுக நகரம் இருக்கிறது. அருகிலுள்ள ஊரில் பணிபுரியும் என் தம்பி குடும்பத்தோடு தங்கியிருந்தபோதுதான் அங்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. இலண்டனைப் பார்க்கச் செல்லும் நம்மவர் யாரும் இவ்வூருக்கு வருவதில்லை. வடகடலிலிருந்து வீசும் காற்று காது மடலை அறுத்துவிடும் போலிருந்தது. 'கேமரன் மலைக் குளிருக்கே போர்வை தேடும் அக்கா, இங்கே எப்படித் தாங்குவீர்கள்?' என்று தம்பி கேலி செய்தான்.

பிரிட்டிஷ் அரச கடற்படைத் தேசிய அரும்பொருளகத்தின் கிளை ஒன்று இந்நகரில் இருக்கிறது. பழைய கப்பல்துறையைச் சுற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டுத் துறைமுகத் தெரு ஒன்றை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். கத்தி செய்பவர் கடை, தையற்காரர் கடை, கடற்படைத் தளபதியின் இல்லம் எனப் பலவும் உண்டு. இவ்வூரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதையும் வழங்குகிறது. நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று உடைந்து, அதிலிருந்த குரங்கு மட்டும் கரை ஒதுங்கியதாம். பிரெஞ்சுக்காரனையே பார்த்திராத ஊர் மக்கள் அதை ஒற்றன் என எண்ணி விசாரித்துத் தூக்கிலிட்டுவிட்டார்களாம்! கதைதான், ஆனாலும் இன்றுவரை அவ்வூர்க்காரர்களைக் 'குரங்கைத் தூக்கிலிட்டவர்கள்' என்று அண்டை ஊரார் கேலி செய்கிறார்கள். அவர்களும் அதைப் பெருமையாகவே எடுத்துக் கொள்கிறார்கள்.

இவையெல்லாம் சுற்றுலாச் சுவைகள். என்னை நிறுத்தி வைத்தது துறையின் நடுவே மூன்று பாய்மரங்களோடு மிதந்து கொண்டிருந்த கப்பல். அதன் பெயர் 'ட்ரிங்கோமலீ'. அங்கிருந்த முதிய வழிகாட்டி ஒருவர் அப்பெயரை அவ்வாறுதான் உச்சரித்தார். 'அது ஒரு தமிழ் ஊரின் பெயர் ஐயா' என்று சொல்லி, திரு - கோண - மலை என மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது போல் அசை பிரித்துச் சொன்னேன். அவர் இரண்டு முறை முயன்று மூன்றாம் முறை ஓரளவு சரியாகச் சொல்லிவிட்டார். 'கோண' என்பதில் வரும் டண்ணகரம் மட்டும் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. நம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே அது எளிதில் வருவதில்லையே!

1817-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் பம்பாயில் நீரில் இறக்கப்பட்ட கப்பல் இது. இன்றும் நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழைமையானது. நெல்சனின் 'விக்டரி' இதைவிட 52 ஆண்டுகள் மூத்ததுதான். ஆனால் அது போர்ட்ஸ்மத் நகரில் நீர் வற்றிய துறையில் தரைமீது நிற்கிறது.

இங்கிலாந்து மன்னரின் கப்பலுக்கு ஈழத்துத் தமிழ் ஊரின் பெயர் ஏன் வந்தது?

கடற்போரும் பினாங்கும்

1782-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு அப்பால் கடலில் நடந்த ஒரு போரின் நினைவாகவே இப்பெயர் வைக்கப்பட்டது. அது தனித்த ஒரு போரன்று. அமெரிக்கச் சுதந்திரப் போரின் போது பிரெஞ்சுக்காரர் அமெரிக்கர் பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தனர் என்று நாம் படித்திருக்கிறோம். அந்தப் போர் வங்காள விரிகுடாவுக்கும் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் ஒன்றரை ஆண்டுக்குள் ஐந்து முறை மோதிக்கொண்டனர். அந்த ஐந்து இடங்களையும் ஆங்கில நூல்களில் படித்தால் நமக்கு ஒன்றும் விளங்காது. தமிழில் எழுதிப் பார்த்தால் திடுக்கிடுவோம். 1782 பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினம். ஏப்ரல் 12-இல் இலங்கையின் கிழக்குக் கரை. ஜூலை 6-இல் நாகப்பட்டினம். செப்டம்பர் 3-இல் திருகோணமலை. 1783 ஜூன் 20-இல் கடலூர். ஐந்தும் நம் முன்னோர் மீன் பிடித்தும் உப்பு விளைவித்தும் கப்பலேறியும் வாழ்ந்த கரைகள் அல்லது அவற்றை அடுத்த கடல்! கடலூர்ப் போர் நடந்தபோது ஐரோப்பாவில் சமாதானத்திற்கான முதல் உடன்பாடுகள் கையெழுத்தாகி ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. செய்தி வந்து சேரவில்லை. முடிந்து போன ஒரு போருக்காகக் கடலூர்க் கடலில் மனிதர்கள் இறந்தார்கள்.

கரையிலும் அமைதி இல்லை. ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே நடந்த போரில் ஆற்காட்டுச் சீமை பாழாகி, பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. சுஃப்ரேன் கடலூர் அருகே கரையிறங்கி ஐதர் அலியை நேரில் சந்தித்ததும் அதே 1782-இல்தான். அரசர்களும் தளபதிகளும் சந்தித்த நாளுக்குத் தேதி இருக்கிறது. பசியால் ஊரை விட்டு வெளியேறியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

சரி, திருகோணமலை மீது ஏன் இவ்வளவு போட்டி? இதற்கு விடை பருவக்காற்றில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்கி நிற்கத்தக்க இயற்கைத் துறைமுகம் அன்று கிடையாது. சென்னையில்கூடக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் மனிதர்களும் மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும் அலைகளைத் தாண்டித்தான் கரை சேர வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கு நிற்பது தற்கொலைக்கு ஒப்பாகும். ஆங்கிலக் கப்பற்படை குமரியைச் சுற்றிக்கொண்டு பம்பாய் வரை சென்று பழுது பார்த்துத் திரும்ப வேண்டும். அதற்குள் கிழக்குக் கரை காவலின்றிக் கிடக்கும். அந்தப் பகுதியிலேயே எந்தப் பருவத்திலும் கப்பல்கள் பாதுகாப்பாக நிற்கக் கூடிய ஆழமான துறைமுகம் ஒன்றே ஒன்றுதான். அதுதான் திருகோணமலை.

1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தனர். ஆகஸ்டு இறுதியில் சுஃப்ரேன் அதைப் பிடித்துக்கொண்டார். ஹியூஸ் சென்னையிலிருந்து விரைந்து வந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்டம்பர் 3-ஆம் நாள் ஆங்கிலேயரின் 12 போர்க்கப்பல்களும் பிரெஞ்சுக்காரரின் 14 கப்பல்களும் மோதின. இரு தரப்பிலும் ஒரு கப்பலும் பிடிபடவில்லை. ஆனால் துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒரு போரின் பெயரைத் தம் கப்பலுக்கு ஆங்கிலேயர் வைத்தது வியப்புத்தான். பின்னர் 1795-இல் அவர்கள் அத்துறைமுகத்தைக் கைப்பற்றித் தமதாக்கிக் கொண்டதை நினைத்தால், அப்பெயர் ஒரு போரைவிட ஒரு துறைமுகத்தின் விலையையே சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். அந்த ஆண்டுப் பருவமழைக் காலத்தைச் சுஃப்ரேன் எங்கே கழித்தார் தெரியுமா? சுமத்திராவின் அச்சேயில்! பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்தால் வந்துவிடும் ஊர். விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் கப்பல்களை ஒதுக்கிப் பழுது பார்த்துக்கொண்டால், பருவக்காற்று மாறியவுடன் எதிரிக்கு முன்பே சோழமண்டலக் கரைக்குத் திரும்பிவிடலாம் என்பதை அவர் செய்து காட்டினார். இப்பக்கத்தில் தமக்கென்று ஒரு துறைமுகம் வேண்டும் என்ற எண்ணம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முன்பே உண்டு. இப்போருக்குப் பிறகு அது அவசரமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள், லைட் பினாங்கில் கொடியேற்றினார்.

நம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் படிக்கும் வரலாற்றில் லைட் வருகிறார். கெடா சுல்தான் சியாமுக்கு எதிராகப் பாதுகாப்புக் கேட்டது வருகிறது. கம்பெனி வாக்குத் தவறியது வருகிறது. கம்பெனிக்கு வணிகத்தோடு கடற்படைக்கும் ஒரு தீவு தேவைப்பட்டது ஏன் என்பதற்கு விடை நாகப்பட்டினத்துக் கடலிலும் திருகோணமலைக் கடலிலும் இருக்கிறது. இதை நாம் சேர்த்துச் சொன்னால் பாடம் பிள்ளைகள் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தீவுக்குத்தான் சில ஆண்டுகளுக்குள் நாகப்பட்டினம், நாகூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் வணிகரும் கூலிகளும் கப்பலேறி வந்தனர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கதை அத்தோடு முடியவில்லை. 1805-இல் பினாங்கு வங்காளம், சென்னை, பம்பாய்க்கு அடுத்த நான்காம் மாநிலமாக உயர்த்தப்பட்டது. அங்கே பெரிய கப்பல்துறை அமைத்துப் போர்க்கப்பல்கள் கட்ட வேண்டும் என்பது திட்டம். 1809-இல் 'மலாக்கா' என்ற 36 பீரங்கிப் போர்க்கப்பல் பினாங்கிலேயே கட்டி நீரில் இறக்கப்பட்டது. நம் பினாங்கில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் கட்டியிருக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அத்திட்டம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. கிழக்குக் கடற்படையின் தளமாகத் திருகோணமலை தேர்ந்தெடுக்கப்பட்டது. 'மலாக்கா' 1816-இல் உடைக்கப்பட்டு விறகாயிற்று. அதே ஆண்டில்தான் பம்பாயில் 'திருகோணமலை'க்கு ஏரா வைத்தார்கள். ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரம். இந்த நல்ல தமிழ்ச்சொல்லையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மரமும் கையும்

இக்கப்பலின் வடிவம்கூட ஆங்கிலேயருடையதன்று. 'ஏபே' என்ற பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர் பிடித்து, அதன் அழகிலும் வேகத்திலும் மயங்கி, அளந்து படம் வரைந்து அதே அமைப்பில் பல கப்பல்களைக் கட்டினார்கள். 'திருகோணமலை' அவ்வரிசையில் ஒன்று. 'ஏபே' பிடிபட்ட நாள் 1782 செப்டம்பர் 4. திருகோணமலைப் போருக்கு மறுநாள்! ஒரு கடலில் நடந்த போர் பெயரைக் கொடுத்தது. மறுநாள் இன்னொரு கடலில் பிடிபட்ட கப்பல் உருவத்தைக் கொடுத்தது. நான் இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

கப்பலைக் கட்டுவதற்கான ஆணை 1812-இல் பிறந்தது. வரைபடங்களை 'ஜாவா' என்ற கப்பலில் ஏற்றிப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' அக்கப்பலைத் தாக்கி அழித்துவிட்டது. மீண்டும் வரைந்து, மீண்டும் அனுப்பி, வேலை தொடங்கவே 1816 ஆயிற்று.

ஏன் பம்பாய்? ஏனென்றால் இங்கிலாந்தில் ஓக் மரம் தட்டுப்பாடாகிவிட்டது. 'விக்டரி' போன்ற ஒரு பெரிய கப்பலுக்கு ஏறத்தாழ 6,000 மரங்கள் வேண்டும் என்கிறார்கள். நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தின் காடுகள் ஈடுகொடுக்க முடியவில்லை. மலபார்க் காடுகளிலோ தேக்கு இருந்தது. ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணியை அரித்துவிடும். தேக்கில் உள்ள எண்ணெய் ஆணியைக் காக்கும். தேக்கு எளிதில் உளுத்துப் போவதுமில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இக்கப்பலின் மரத்தில் பெரும்பகுதி முதலில் வைத்த அதே மரம்தான். நான் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தேன். என் பாட்டி வீட்டுக் கதவின் வழவழப்பு!

இங்கே மொழி ஆசிரியருக்கே உரிய ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் அம்மரத்திற்கு வழங்கும் 'டீக்' என்ற சொல், தேக்கு என்னும் நம் திராவிடச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலத்திற்குச் சென்றது. இரட்டை உடற்படகுக்கு இன்று உலகமே வழங்கும் 'கட்டமரான்' நம் கட்டுமரம். மலாய் மொழியில் 'காப்பால்' என்கிறோமே, அது நம் கப்பல். கடை 'கெடாய்' ஆனதைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் கண்களில் ஒளி வரும். என் வகுப்பில் வந்தது.

கட்டியவர்கள் யார் என்பதற்கு வருவோம். பம்பாய்க் கப்பல்துறையின் தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா, பார்சி இனத்தவர். அவருடைய முன்னோர் லவ்ஜி நுஸர்வான்ஜி 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு அழைத்து வரப்பட்டவர். அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாக அக்குடும்பமே அத்துறையில் கப்பல் கட்டியது. 'திருகோணமலை'க்கு ஏரா வைத்த அன்று, தம் சமய வழக்கப்படி ஜம்ஷெட்ஜி வெள்ளி ஆணி ஒன்றை அதில் அறைந்தார். வீட்டுக்குக் கால்கோள் விழா நடத்தும் நமக்கு அதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

அவர் கட்டிய வேறு கப்பல்களும் நம் வட்டாரத்தோடு தொடர்புடையவை. 1810-இல் அவர் கட்டிய 'மின்டன்', 1811-இல் ஜாவாவைப் பிடிக்கச் சென்ற ஆங்கிலக் கப்பற்படையில் இருந்தது. அப்படை திரண்ட இடம் நம் மலாக்கா. முன்ஷி அப்துல்லா அக்காட்சியைச் சிறுவனாகக் கண்டு பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். 1813-இல் அவர் கட்டிய 'கார்ன்வாலிஸ்' கப்பலின் மேல்தான், 1842-இல் ஹாங்காங்கை ஆங்கிலேயருக்குக் கொடுத்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. பம்பாய்த் தச்சர்களின் உளிபட்ட மரத்தின்மேல் சீனத்தின் தலையெழுத்தும் எழுதப்பட்டிருக்கிறது.

பம்பாய்க் கப்பல்துறை வரலாற்றில் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஜம்ஷெட்ஜி தாம் கட்டிய கப்பல் ஒன்றின் உட்புற அடிமரத்தில், இக்கப்பலைக் கட்டியவன் ஒரு கறுப்பன் என்று, வெள்ளையர் தம்மை வைத வசைச்சொல்லையும் சேர்த்தே செதுக்கி வைத்தாராம். பல்லாண்டுகளுக்குப் பின் கப்பலைப் பழுது பார்த்தவர்கள்தாம் அதைக் கண்டார்களாம். செய்தி எவ்வளவு துல்லியமோ, அதிலுள்ள புண் உண்மையானது. அவருக்குக் கீழே மரம் அறுத்தவர், இழைத்தவர், இடைவெளிகளில் நார் திணித்து அடைத்தவர் எனப் பல நூறு பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்குச் செதுக்குவதற்கும் இடம் கிடைக்கவில்லை.

கப்பலின் உள்ளே மூன்று தட்டுகள் இறங்கிப் பார்த்தோம். மேல்தட்டில் காற்றும் வெளிச்சமும் உண்டு. கீழே செல்லச் செல்லக் கூரை தாழ்ந்து, உயரமான என் தம்பி முழுவதும் குனிந்தே நடக்க வேண்டியதாயிற்று. முந்நூறு பேருக்கு மேல் இதற்குள் வாழ்ந்தார்கள். ஒரு மாலுமிக்குத் தூங்குவதற்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். நம் மாணவர் மேசையின் அகலம்கூட அதைவிட அதிகம். பின்பக்கத்தில் தலைவரின் அறை மட்டும் பளபளப்பான மேசையோடும் சன்னல் வரிசையோடும் வீட்டுக் கூடம் போல இருந்தது. கப்பலின் முகப்பில் தலைப்பாகை அணிந்த கீழைநாட்டு மனிதர் ஒருவரின் சிலை கடலை நோக்கியிருக்கிறது. திருகோணமலை என்றால் இப்படித்தான் ஓர் ஆள் இருப்பான் என்று ஏதோ ஓர் ஆங்கிலச் சிற்பி எண்ணிக்கொண்டார் போலும். திருகோணமலையில் அப்படித் தலைப்பாகை கட்டியவரைத் தேடத்தான் வேண்டும்.

போர்க்கப்பல் என்று சொல்கிறோமே தவிர, இது பெரும்போர் எதையும் கண்டதில்லை. 1819-இல் இங்கிலாந்து சேர்ந்தபோது நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்தார், சண்டையிட ஆளில்லை. பல ஆண்டுகள் சும்மா கட்டிப் போட்டிருந்தார்கள். 1847-க்குப் பிறகு மேற்கிந்தியத் தீவுகளிலும் வட அமெரிக்கக் கரையிலும், அதன்பின் பசிபிக்கிலும் பணி. அடிமை வணிகக் கப்பல்களைத் தடுக்கும் காவலும் அதில் அடங்கும். 1860-களிலிருந்து இது பயிற்சிக் கப்பல். 1897-இல் உடைப்பதற்கு விற்கப்பட்டபோது, வீட்லி காப் என்ற செல்வர் வாங்கிச் சிறுவர்களுக்கான பயிற்சிக் கப்பலாக்கினார். அவரிடம் முன்பு இருந்த 'ஃபூட்ரோயான்' என்ற கப்பல் அவ்வாண்டில் புயலில் உடைந்து போயிருந்தது. அப்பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார். ஆக, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நம் ஊர்ப்பெயர் அழிந்து, ஒரு பிரெஞ்சுப் பெயரைத் தாங்கி இக்கப்பல் 1986 வரை பிள்ளைகளுக்குப் பாய்மரம் ஏறவும் படகு வலிக்கவும் கற்றுக் கொடுத்தது. 1987-இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டு வந்து, 1990 முதல் 2001 வரை செப்பனிட்டார்கள். 1992-இல் பழைய பெயர் திரும்பியது. கணக்குப் பார்த்தால் போர்க்கப்பலாக இருந்ததைவிடப் பள்ளிக்கூடமாக இருந்த காலமே மிக நீளம். ஓர் ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வகுப்பறையில்

பள்ளி திறந்ததும் படங்களைக் காட்டி ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இக்கதையைச் சொன்னேன். பள்ளியில் நடக்கவிருந்த வரலாற்றுக் கண்காட்சிக்கு இதையே வைக்கலாம் என்று முடிவாயிற்று. அப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு தந்தை, மிகுந்த அன்போடுதான், ஒரு கருத்துச் சொன்னார். 'டீச்சர், தமிழன் கட்டிய போர்க்கப்பல் என்று தலைப்புப் போடுங்கள். பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கும்.' தமிழர் கட்டவில்லையே என்றேன். 'பெயர் நம்முடையதுதானே? பார்சிக்காரரும் நம்மவர்தானே? யார் போய் ஆராயப் போகிறார்கள்?' என்றார்.

அவர் மனத்தை நான் அறிவேன். தோட்டத்தில் பிறந்து, தம் தாய் தந்தையர் கூலிகள் என்று பிறர் ஏளனமாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். தம் மகன் அப்படிக் கேட்கக் கூடாது என்பது அவர் ஆசை. அந்த ஆசையில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் அத்தலைப்பை நான் ஏற்கவில்லை. இன்று பொய்யாகப் பெருமை கொள்ளும் பையன், படிவம் நான்கில் உண்மையைப் படிக்கும்போது நாம் சொன்ன மெய்களையும் சேர்த்துச் சந்தேகிப்பான். இராஜேந்திரனையும் சந்தேகிப்பான். மேலும், ஜம்ஷெட்ஜியின் உழைப்பைக் கப்பலின் சொந்தக்காரர்கள் மறைத்தார்கள் என்று வருந்திவிட்டு, நாமும் அவர் பெயரை அழித்து நம் பெயரை எழுதுவது எந்த நியாயம்? தந்தை சற்று மனத்தாங்கலோடுதான் சென்றார். கண்காட்சிக்கு மறவாமல் வந்திருந்தார்.

வகுப்பில் ஒரு மாணவியும் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டாள். 'அப்படியென்றால் அந்தக் கப்பல் யாருடையது டீச்சர்?' உடனே பதில் சொல்லாமல், கரும்பலகையில் எல்லோருமாக எழுதிப் பார்த்தோம். பெயர் தமிழ் ஊருடையது. வடிவம் பிரெஞ்சுக்காரருடையது. மரம் மலபாருடையது. கை பம்பாய்ப் பார்சித் தச்சருடையது. பணமும் பீரங்கியும் இங்கிலாந்து மன்னருடையவை. 'சண்டை மட்டும் யாருடையதும் இல்லை' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு சிரித்தது. நானும் அதை எழுதிவிட்டேன்.

பிறகு அப்பெயருக்குரிய ஊரைப் பற்றிப் பேசினோம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் கோயில் அங்கே கடலை ஒட்டிய பாறைமேல் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாயிலில் பாண்டியரின் இணைக்கயல் சின்னம் பொறித்த கல் இன்றும் இருக்கிறது. 1950-களில் மூழ்காளர்கள் பாறையடியில் கடலுக்குள் பழைய கோயில் தூண்களைக் கண்டார்கள். கோயில் மீண்டும் எழுந்து, வழிபாடு நடக்கிறது. துறைமுகமும் ஓயவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையின் மீது குண்டு வீசின. 1944 ஜனவரியில் அங்கிருந்து புறப்பட்ட 'டாலி-ஹோ' என்ற நீர்மூழ்கி, பினாங்குக்கு அப்பால் 'குமா' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. பினாங்கில் பாட்டி வீடு உள்ள மாணவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இதைப் பாடமாக நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். தேதிகளை முதலில் கொடுக்காதீர்கள். வங்காள விரிகுடாவின் வெற்று வரைபடம் ஒன்றைக் கொடுத்து, ஐந்து ஊர்களையும் அச்சேயையும் பினாங்கையும் மாணவர்களே குறிக்கட்டும். காற்றின் திசையை அம்புக்குறியால் வரையச் சொல்லுங்கள். வடகிழக்கிலிருந்து அம்பு வரைந்த மாணவன், ஹியூஸ் ஏன் பம்பாய்க்கு ஓடினார் என்பதை நாம் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுகிறான். என் வகுப்பில் ஒரு பையன், கடலூரைக் குறிக்கும்போது, தன் கொள்ளுத்தாத்தா அங்கிருந்துதான் வந்தார் என்று சொல்லி வரைபடத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி கேட்டான்.

அடுத்த தவணையில் மாணவர்களைப் பினாங்கிலுள்ள கோர்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். லைட் இறங்கிய இடம் அது. வரைபடங்களையும் எடுத்துச் செல்கிறோம். கடற்சுவரருகே நின்று, திருகோணமலை எத்திசையில் இருக்கிறது என்று அவர்களையே காட்டச் சொல்லப் போகிறேன்.